தலையணை உயரம்

டேப்பின் நுனியைத் தரையில் வைத்து, அவன் கட்டிலை ஒட்டி மண்டியிட்டான்.

தரையிலிருந்து தலையணை. தலையணையிலிருந்து அவள் கண்.

இரண்டடி. கூட ஒரு விரற்கடை.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். 

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஐந்து மாதம். எலும்பு கூடிவிட்டது, இனி எழுந்து உட்கார வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியே ஆறு வாரம் ஆகிறது. ஒரே ஒரு தடவை முயன்றாள். தலை சுற்றிச் சரிந்தாள். அதோடு சரி. என்னால ஆகாதுங்க என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்படியே விட்டால் எழவே மாட்டாள் என்று அவனுக்குப் பயம்.

பயந்தவன் வேறு என்ன செய்வான்? கைக்குத் தெரிந்ததைச் செய்வான்.

நாச்சிமுத்துவின் கைக்குத் தெரிந்தது ஜன்னல். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபது வருடமாக ஜன்னல் வைக்கிறான். உட்கார்ந்து போகும் பஸ்ஸுக்கு ஒரு உயரம். படுத்துப் போகும் ஸ்லீப்பர் பஸ்ஸுக்கு ஒரு உயரம். கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண்ணாடி.

மனைவி கோகிலவாணிக்கு அவன் வைக்கப்போவது கடல்.

ஆஸ்பத்திரி வாசலில் கடல்மீன் தொட்டி ஒன்று உயரத்தில் இருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சரில் போனவளுக்கு அடிப்பலகைதான் தெரிந்தது. எல்லாரும் மீனப் பாத்தாங்க, நா பலகையப் பாத்தேன் என்று அந்த வலியிலும் சிரித்தாள். அவன் கடைசியாகக் கேட்ட சிரிப்பு அது.

பழக்க தோஷம், தொட்டியை வைக்கும் மேசைக்கு முதலில் இரும்பில் சட்டம் வெல்டிங் வைத்துவிட்டான். உப்புத்தண்ணீர் பட்டால் ஆறு மாதம் தாங்காது என்று வளர்ப்புமீன் கடைக்காரர் சிரித்தார். அடச்சே என்று அதைத் தூக்கிப் போட்டான். பஸ்ஸுக்குத் தரை போடும் கனத்த பலகையில் மிச்சத்தைக் கேட்டு வாங்கி வந்தான்.

அறுத்தான். பசை வைத்துத் திருகாணி முடுக்கினான். மூன்று கோட் பெயின்ட். 

பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா எட்டிப் பார்த்தாள்.

"முழங்கால் ஒசரத்துல மீன்தொட்டியா? பூனைகூடக் குனிஞ்சுதான் பாக்கோணும்."

சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையை நகர்த்தி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும் வரை காலுக்கடியில் தகடு செருகினான்.

கண்ணாடித் தொட்டி ஏறியது. மணல். ஓட்டை ஓட்டையாய் நாலு வெள்ளைக் கல். கடல்மீனுக்கென்றே விற்கும் பொட்டல உப்பை வாளியில் கரைத்து, குவளை குவளையாக ஊற்றினான்.

ஊற்றுகிற சத்தத்துக்கு அவள் திரும்பினாள்.

விரலை நனைத்து அவள் உதட்டில் வைத்தான். கரித்தது. முகம் சுளித்தாள். ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

தண்ணீர் பக்குவப்பட ஒரு மாதம். அதுவரை மீன் விடக்கூடாது.

வெறும் தண்ணீர்.

அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிற்பகல் வெயில் தொட்டிக்குள் இறங்கும். கொஞ்ச நேரத்தில் கூரையில் நெளியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் கட்டிலடியில் தரையில் படுத்துக்கொண்டான். மேலே அலை. பக்கத்தில் குமிழிச் சத்தம். வீடு மெல்ல மெல்ல எங்கோ நகர்ந்துபோவது போல இருந்தது. தாங்கள் தண்ணீருக்கு மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபடவும் வேண்டாம் என்றிருந்தது.

முப்பத்திரண்டாம் நாள் மீன் வந்தது.

ஒன்றே ஒன்று. ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. பையிலிருந்து நழுவியது. ஒரு சுற்றுச் சுற்றியது. கல்லுக்குப் பின்னால் போனது.

அவ்வளவுதான். பொழுது சாயும் வரை அவள் கண் இமைக்காமல் பார்த்தாள். அது வரவே இல்லை.

கல்லை முன்பக்கம் உயர அடுக்கியவன் அவன்தான். ஜன்னலை வைத்துவிட்டு அதன்மேலேயே மூட்டையை அடுக்கின கதை. இப்போது நகர்த்தினால் மீன் மிரளும்.

எழுந்து நின்று மேலேயிருந்து பார்த்தான். வால் தெரிந்தது.

"இருக்குது புள்ள. இங்கதான் இருக்குது."

"உங்களுக்குத் தெரியுதுங்க" என்றாள்.



மறுநாள் மாலை பட்டறையிலிருந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"ஏனுங்க."

குரல் வழக்கமான இடத்திலிருந்து வரவில்லை. கொஞ்சம் மேலேயிருந்து வந்தது.

உள்ளே ஓடினான்.

தலையணை கீழே கிடந்தது. கால்கள் கட்டிலிலிருந்து தொங்கின. இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்வையாய், அவள் கல்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்து வலிக்குது. ஸ்லீப்பர் ஜன்னல் இனி யாருக்கு வேணும்? ஒசத்தி வைங்க."

ஐயோ, அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிரித்தான். கண்ணைத் துடைத்தான். பையைத் துழாவி டேப்பை எடுத்தான். அளவு எடுத்துவிட்டால் அவள் மறுபடி படுக்கமாட்டாள் என்பது போல அவசரம்.

நுனியைத் தரையில் வைத்து மண்டியிட்டான். டேப்பை மேலே இழுத்தான்.

"செய்ய எத்தன நாளாகும்?"

"தண்ணி எறக்கி, பலகை அறுத்து, பெயின்ட் காஞ்சு... ஒரு மாசம் ஆயிரும்."

மீன் கல்லைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. அதைப் பார்த்தபடியே, "ஒரு மாசமா?" என்றாள்.

பிறகு, தன் கண்ணருகில் வந்து நின்ற டேப்பை ஒரு விரலால் இன்னும் மேலே தள்ளினாள்.