அப்பாவுக்கு அக்கி

“ஐயோ, மெதுவா லா!”

டாக்டர் சட்டையைத் தூக்கியதும் உடையப்பன் அலறினார். வலது விலாவைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாய், சூடு போட்டதுபோல் சிவந்து கிடந்தது. மகன் சுரேனுக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

“அக்கி,” என்றார் டாக்டர் தினேஸ்வரி. “சின்ன வயசுல அம்மை வந்துச்சா, அங்கிள்?”

“ரப்பர் எஸ்டேட்டுல இருக்கும்போது வந்துச்சும்மா. அது ஆச்சு, அம்பது வருசம்.”

“அந்தக் கிருமி எங்கேயும் போகல. நரம்புக்குள்ளேயே தூங்கிட்டு இருந்திருக்கு. வயசான காலத்துல கவலை அதிகமானா, மறுபடி எழுந்துக்கும். எதையாச்சும் மனசுல போட்டு அழுத்திக்கிட்டு இருக்கீங்களா?”

உடையப்பன் மகனைப் பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒரு மாசமா இவருக்கு நித்திரையே இல்லை, டாக்டர். விடிய விடியப் புரண்டுகொண்டு கிடக்கிறார்,” என்றார், காரில் அழைத்து வந்த பக்கத்து வீட்டுப் பூமணி டீச்சர்.

சுரேனுக்குச் சுருக்கென்றது. பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தது, பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லையே! ராத்திரி ஷிப்டு, பகலெல்லாம் தூக்கம் என்று கிடந்தவனுக்கு எங்கே தெரியும்?

அடுத்த வாரம் அவன் சிங்கப்பூர் போகிறான். தவம் கிடந்து வாங்கிய வேலை. அம்மா போனபின் ஒண்டிக்கட்டையாய் நிற்கிற மனுசனை, ‘நான் போனா என்னப்பா பண்ணுவீங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டானா? “போய்ட்டு வாய்யா” என்று அவர் சிரித்ததை அப்படியே நம்பிவிட்டான், பாவி!

மருந்து வாங்கும் சாக்கில் வெளியே போய்ச் சிங்கப்பூருக்குப் போன் போட்டான். பேசி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“அப்பா, இனிமே கவலப்படாதீங்க. நான் போகல. அந்த வேலய வேணாம்னு சொல்லிட்டேன். எப்பவும் உங்ககூடவேதான் இருப்பேன்.”

உடையப்பனுக்குப் பேயறைந்தது போலாகிவிட்டது. பூமணி டீச்சர், “ஐயோ கடவுளே!” என்று நெற்றியில் கை வைத்தார்.

“என்னப்பா? உங்கள இப்படிப் படுத்துன பாவம் எனக்கு வேணாம்பா.”

“நீ ஒண்ணும் பண்ணலய்யா. உன் முகத்தப் பாத்து எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்குத் தூக்கமே வரல. நீ அங்க போய்ச் சேந்ததும் போன்ல சொல்லிக்கலாம்னு இருந்தோம்...”

“என்னத்தச் சொல்ல?”

“எனக்கும் டீச்சருக்கும் போன மாசமே ரெஜிஸ்டர் கல்யாணம் ஆயிருச்சுய்யா.”