பத்து லட்சத்து ஒன்றுக்குள் யார்?

எண்கள் குடியிருக்கும் ஊரில் பத்து லட்சத்து ஒன்று என்றொருத்தி இருந்தாள். இரண்டு ஓரத்திலும் ஒன்று, நடுவே ஐந்து பூஜ்யம். அந்த ஊரில் ஒரு வழக்கம். ஒன்றைத் தவிர தங்களைவிடச் சின்ன எண் எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவர்கள் குன்றின்மேல் தனியாகப் போய்க் குடியிருக்க வேண்டும். தனியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

சோதிக்க வந்த இரண்டு, அவளுடைய கடைசி இலக்கத்தைப் பார்த்ததுமே, "ஒற்றைப்படை! எனக்கு இங்கே வேலையில்லை" என்று திரும்பிக்கொண்டான். மூன்று, இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஏழும் பதினொன்றும் மூச்சு வாங்க வகுத்தார்கள், மீதி விழுந்தது.

"ஐம்பதுவரைக்கும் பார்த்தாச்சும்மா. மூட்டையைக் கட்டு" என்றான் இரண்டு.

"ஆயிரத்தை ஆயிரத்தால பெருக்கினாத்தானே என் பக்கத்துல வரும், ஆயிரம்வரைக்கும் பார்க்கணுமே அண்ணே" என்றாள் அவள்.

"ஆமா, பெரிய ஆளுங்க உன் வீடு தேடி வருவாங்களாக்கும்!"

அப்போது குன்றிலிருந்து நூற்றொன்று இறங்கி வந்தாள். "நான் ஒரு தடவை பார்க்கட்டுமா அக்கா?" என்று கேட்டு, வகுத்தாள். எல்லாரும் குனிந்து தேடினார்கள். மீதி என்று ஒரு துணுக்குகூட இல்லை.

பத்து லட்சத்து ஒன்றுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே ஆவலும் வந்தது. "உனக்குள்ளே யாரு இருக்கா, கண்ணு?"

"யாருமில்லைக்கா. அதனாலதானே குன்றில இருக்கேன்."

"எனக்குள்ளே நீ எத்தனை பேரு?"

"ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒரு பேரு."

"ஐயையோ!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள் அவள். "அத்தனை பேரும் சாப்பிட்டீங்களா?"