மெல்பர்னில் ஓர் அறை

அஸர் தொழுகைக்குப் பின் கீழக்கரையில் எங்கள் கூடத்தில் இருப்பது நால்வர்: நான், என் மனைவி ரம்ஜான் பீவி, மகள் சஃபா, மருமகன் நுஃமான். மெல்பர்னில் குடியேறலாமா என்று பத்து நாள் பார்த்துவர மகளும் மருமகனும் அடுத்த மாதம் போகிறார்கள். மருமகனின் அக்கா, சஃபாவுக்கு மதினி, அங்கேயே குடியிருந்தும் சஃபா டேப்லெட்டில் வாடகை அறை தேடுகிறாள். சொந்தம் இருக்கும் ஊரில் எங்கள் குடும்பத்தார் எவரும் வெளியில் தங்கியதில்லை என்கிறேன். "மதினி வீட்டுல தங்குனா விருந்தைத்தான் பார்ப்போம் வாப்பா, ஊரைப் பார்க்க ஏலாது," என்கிறாள். "அக்கா வாசலைத் தாண்டவே விடாது மாமா," என்று மருமகன் சிரிக்கிறார். ஜன்னல் வெயில் விழுந்து படம் மங்குகிறது. உள்ளங்கையால் நிழல் கொடுத்துக் குனிகிறேன். ரயில் நிலையத்தை ஒட்டிய மாடி அறை, இரட்டை அடுப்பு, கீழே காய்கறிக் கடை வாசலில் சுரைக்காய்கள், குடையோடு ஒரு கிழவர். "பெருசாக்கு. கறிக்கடை எங்கன இருக்கு? பள்ளிவாசல் நடக்குற தூரமா?" சஃபாவின் விரல்கள் தெருவை விரிக்கின்றன. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறேன். "நீங்களும் கூடப் போறியளோ?" என்கிறாள் ரம்ஜான் பீவி. நான் படத்தில் அந்த மாடி அறை ஜன்னலின் மேல் விரலை வைக்கிறேன். "இதையே எடு. முதல் நாள் சாப்பாடு மட்டும் மதினி வீட்டுல."

சம்பந்தி வீட்டோடு மனத்தாங்கல், அதனால்தான் தனி அறை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். மனத்தாங்கல் எதுவும் இல்லை. அறையைத் தேர்ந்தெடுத்தவன் நான்.