அடைக்கக் கூடாத ஓட்டை

"அந்த ஒரு ஓட்டையை மட்டும் விட்டுடுங்க அங்கிள்" என்றான் செழியன், குரலை நன்றாகத் தாழ்த்தி.

மேசைக்கடியில் மண்டியிட்டிருந்த அல்பிரட் தலையை மட்டும் வெளியே நீட்டினார். டெக்சாஸில் ரவுண்ட் ராக் வட்டாரத்தில் பழைய வீடுகளுக்கு வெளிச்சூடு உள்ளே வராமல் இன்சுலேஷன் போட்டு, காற்றுப் புகும் இடுக்கையெல்லாம் அடைத்துக் கொடுப்பது அவர் தொழில். யாழ்ப்பாணத்துக்காரர். வாசல் கதவில் பெரிய ஃபேன் ஒன்றை மாட்டி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கவிட்டு, செழியனின் மனைவி யாமினியின் பூஜை அலமாரியிலிருந்து வாங்கிய ஊதுபத்தியை மூலைமுடுக்கெல்லாம் காட்டிக்கொண்டே வந்தார். புகை ஆடினால் அங்கே ஓட்டை என்று அர்த்தம். செழியனின் ஆபீஸ் ரூமுக்கு வந்ததும், மேசைக்கடியில் சுவரில் இருந்த ஓட்டைக்கு முன்னால் புகை தலைவிரித்து ஆடியது.

"தம்பி, இந்த வீட்டிலயே பெரிய ஓட்டை இதுதான். கூரைக்குக் கீழ அட்டிக்கில இருக்கிற சூடு முழுக்கச் சுவருக்குள்ளால இறங்கி இதாலதான் வருகுது."

"இல்ல அங்கிள், வைஃபை சிக்னல் பக்கத்து ரூமுக்குப் போகணும்ல..."

"வைஃபைக்கு ஓட்டை எதுக்கு?" அல்பிரட் ஓட்டையை அடைக்கிற ஃபோம் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

ஹாலிலிருந்து யாமினி குரல் கொடுத்தாள். "அங்கிள், ஒண்ணு விடாம அடைச்சிருங்க. நாள் பூரா ஏசி ஓடுது, வீடு கூல் ஆகவே மாட்டேங்குது. அப்பா பாவம், பேப்பரை வச்சு விசிறிட்டே இருக்கார்."

செழியன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"கதவைச் சாத்தாதேங்கோ. டெஸ்ட் பிழையாப் போயிடும்."

மறுபடி திறந்தான். வேறு வழியில்லாமல் அவனும் மேசைக்கடியில் புகுந்து, அல்பிரட்டின் காதோடு காதாக விஷயத்தைக் கொட்டிவிட்டான்.

மாமனார் வெள்ளியங்கிரி பொள்ளாச்சிக்காரர். மாப்பிள்ளையிடம் "வாங்க", "சாப்டீங்களா" இரண்டைத் தாண்டி மூன்றாவது வார்த்தை பேசினால் அது மரியாதைக் குறைச்சல் என்று நினைக்கிறவர். மனதில் ஒரு குறை இருந்தால் அதை மாப்பிள்ளையிடம் சொல்வதாவது. மகளிடமும் மூச்சு விடமாட்டார், புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்துவிடுமாம். மூன்று வருடம் முன்பு ஆறு மாதம் இருக்க வந்தவர், ஆறாவது வாரமே பெட்டியைக் கட்டிவிட்டார். என்ன குறை என்று செழியனுக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு யாமினி ஒரு மாதம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தத் தடவை அப்பா பாதியில் கிளம்பினால் தானும் அதே ஃபிளைட்டில் கிளம்புவதாகச் சொல்லி வைத்திருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

"இந்த ஓட்டைதான் அங்கிள் என்னைக் காப்பாத்திட்டு இருக்கு. இதுக்கு அந்தப் பக்கம் மாமாவோட கட்டில். டெய்லி காலைல எட்டு மணிக்கு நான் லாகின் பண்ணி உக்காருவேன். கரெக்டா அப்பதான் அவர் ஊர்ல இருக்கற அத்தைக்கு ஃபோன் போடுவார். ஊருக்குப் பேசறதால சத்தமாத்தான் பேசுவார். ஒரு வார்த்தை விடாம இங்க கேக்கும்."

"என்ன சொல்லுவார்?"

"'வசந்தாமணி, மாப்பிள்ளை தங்கமானவருதான், ஆனா இந்த ஓட்ஸ் கஞ்சியக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு, ஒரு வாய் அரிசிம்பருப்பு சாதம் கெடைச்சாத் தேவலை'ம்பார். மறுநாள் நானே குக்கர் வச்சிடுவேன். 'டெக்சாஸ் வரைக்கும் வந்துட்டு பேர்லேண்ட் மீனாட்சி கோயிலப் பாக்காமப் போறதா'ன்னு ஒரு நாள் சொன்னார். அந்த சனிக்கிழமையே மூணு மணி நேரம் டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போனேன். ஃப்ரீவேல நான் ஒரு கையால ஓட்டறது பாத்து ஈரக்கொலை நடுங்குதுன்னார். இப்ப ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான்."

இந்தத் தடவை அவர் வந்து நான்கு மாதம் ஓடிவிட்டது. மாமனார் முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. "எங்கப்பா மனசைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்" என்று யாமினியே ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு மாதம். இப்போது போய் ஓட்டையை அடைத்தால் பிழைப்பு நாறிவிடும்.

"ஒட்டுக் கேக்கிறது பிழையில்லையோ தம்பி?"

"நான் எங்க ஒட்டுக் கேக்கறேன்? தானா வந்து விழுது அங்கிள்."

அல்பிரட் துப்பாக்கியைக் கீழே வைத்தார். சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வந்து இருமல் பிடிக்கும் வரை நிறுத்தவில்லை.

"மெதுவா அங்கிள், அவருக்குக் கேட்டுடப்போவுது."

"நீங்கள் ரெண்டாவது ஆள் தம்பி. காலமை அங்கால அறைக்குள்ள போனவுடனே உங்கட மாமா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, அந்த ஒரு ஓட்டையை மட்டும் விடச்சொல்லிக் கேட்டவர். மருமகனிட்ட நேர ஒண்டு கேக்கிறது மரியாதை இல்லையாம். நீங்கள் எட்டு மணிக்கு உட்காரக் கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டவுடனே, ஃபோனைக் காதில வச்சு, தனக்கு வேண்டியதை ஓட்டைக்குக் கிட்ட வாயை வச்சுச் சொல்லுவாராம். ரெண்டு நாளில வந்து சேர்ந்திடுமாம்."

செழியன் ஓட்டையைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப ஃபோன்ல அந்தப் பக்கம் அத்தை..."

"அந்த ஃபோன் பழுதாகி ஒரு மாசமாம் தம்பி" என்றார் அல்பிரட், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "புதுசு ஒண்டு வேணுமெண்டு நாளைக்குக் காலமை இந்த ஓட்டையிலதான் சொல்லப்போறாராம்."