ஹார்ம்ஸின் புகார்கள்

"அந்த ஹார்ம்ஸைக் கணக்கிலேயே எடுக்காதீங்க" என்றார் மேலதிகாரி ஃபோல்கர். "சோதனைக்குக் கொடுத்த பன்னிரண்டு ஆபீஸ்ல பதினொண்ணு சரின்னு சொல்லியாச்சு. இந்த ஒரு மனுஷன்கிட்டேர்ந்து மட்டும் நூத்திப் பதினேழு புகார்!"

மைக்கே புகார்க் கட்டைப் புரட்டினாள். மாநில அரசின் நாற்பதாயிரம் மேசைகளுக்கு எந்த மென்பொருள் சரிப்படும் என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. கடிதம் எழுத ஒன்று, ஆபீஸுக்கு ஆபீஸ் செய்தி அனுப்ப ஒன்று. இரண்டு வருஷமாக இதே பிழைப்பு. மூன்று கம்பெனிகளைக் கழித்துக்கட்டி, இது நான்காவது. கண்ணை மூடினால்கூடப் பொத்தான்கள்தான் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுத்துவிட்டால் மூன்று வாரம் லீவு. அதற்கு நடுவில் இந்த ஆள்.

"நேர்ல போய், 'வாபஸ் வாங்கிக்கிறேன்'னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வயசானவர். புதுசுன்னாலே பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம்."

மறுநாள் மழையில் இரண்டு மணி நேர ரயில். கடலோரச் சின்ன ஊர். உதவித்தொகை அலுவலகத்தில் இரண்டாவது மாடி.

"மொய்ன்!" என்று அந்தக் கடலோரப் பாணியில் வணக்கம் சொல்லி எழுந்து கை கொடுத்தார் ஹார்ம்ஸ். எதிர் மேசையில் இருந்த கேசா என்ற அம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுடைய கணினித் திரை அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தபடி இருந்தது.

"எண்பத்தெட்டாவது புகார்" என்று தாளைப் புரட்டினாள் மைக்கே. "செய்திப் பெட்டியில எழுத்து வெளிறி இருக்கு, படிக்க முடியலைன்னு எழுதியிருக்கீங்க. எங்கே, படிங்க பார்ப்போம்."

ஹார்ம்ஸ் மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் கடகடவென்று படித்தார்.

"மௌஸ் இல்லாம இந்தப் பட்டியலைத் திறக்க முடியலைன்னு ஒரு புகார். உங்ககிட்டதான் மௌஸ் இருக்கே?"

"இருக்கு."

"அப்புறம் என்ன சார் உங்களுக்குப் பிரச்சினை?"

ஹார்ம்ஸ் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "பிரச்சினைதான்" என்றார். "காபி குடிக்கிறீங்களா? எடுத்துட்டு வர்றேன்."

அவர் நழுவியதும் மைக்கேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளுடைய விளையாட்டுக்காகப் போகவர நான்கு மணி நேர ரயில்! அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, அந்த எண்பத்தெட்டைத் தானே தட்டிப் பார்த்தாள்.

"தொலைஞ்சாங்களா?"

மைக்கே நிமிர்ந்தாள். இரண்டடி தூரத்தில் இருந்த கேசா நேராக அவளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஹார்ம்ஸ், உங்களைத்தான். அந்தம்மா போயாச்சா? இங்க பாருங்க, இந்த 'அனுப்பு' எங்கே போய் ஒளிஞ்சிருக்கு? பழசுல விரலே தானா போகும். இதையும் சாயந்திரம் எழுதிப் போட்டுடுங்க. நூத்திப் பதினெட்டு!"

சொல்லிவிட்டு மைக்கேயின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

மைக்கே மூச்சுவிடவில்லை. வாசலில் இரண்டு கோப்பையோடு ஹார்ம்ஸ் நின்றுகொண்டிருந்தார். "வெளியே வாங்க" என்று கண்ணாலேயே கூப்பிட்டார்.

தாழ்வாரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணு வருஷமாச்சு. அவங்களுக்குக் கண்ணுல நடுப்பார்வை போயிடுச்சு. ஓரத்துல நிழல் மாதிரி ஏதோ தெரியுதாம். எழுத்தைப் பெரிசாக்கி ஓரக்கண்ணால படிச்சு, விரல் பழக்கத்துலயே வேலை பார்க்கிறாங்க. ஒரு கோப்புகூடத் தப்பினது இல்லை."

"சொன்னா சலுகை உண்டே சார். சட்டம் இருக்கு. யாரும் வேலையை விட்டு எடுக்க முடியாது."

"சட்டம் இருக்கு மேடம். ஆனா அதை அவங்கதானே வாயைத் திறந்து கேட்கணும்? வீட்டுக்காரர்கிட்டயே இன்னும் சொல்லலை. கேட்கிற அன்னிக்குக் கேட்கட்டும். அதுவரைக்கும் குறை சொல்ற கிழவன்னு எனக்குப் பேர் வந்தா வந்துட்டுப் போகுது."

மைக்கே ஜன்னல் வழியே மழையைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து அந்த வாபஸ் தாளை எடுத்து நீட்டினாள்.

"இதுல கையெழுத்துப் போடுங்க."

ஹார்ம்ஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவு கேட்டப்புறமுமா?"

"உங்க புகாரை யாரும் படிக்கப்போறதில்லை. உங்க பேரைப் பார்த்ததுமே சிரிக்கிறாங்க. போடுங்க சார்."

அவர் தாளைச் சுவரில் வைத்து, பேனா அழுந்த ஒரு கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். காபியைத் தரவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஃபோல்கரின் அறை.

"கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டுட்டார். நூத்திப் பதினேழையும் வாபஸ் வாங்கிட்டார்."

"அப்பாடா! நான்தான் சொன்னேனே, மனுஷன் சும்மா வம்பு பண்றாருன்னு." ஃபோல்கர் உற்சாகமாக அறிக்கையைப் புரட்டினார். பத்தாவது பக்கத்தில் கை நின்றது. "இதென்ன? 'இந்நிலையில் ஏற்கத்தக்கதல்ல'ன்னு போட்டிருக்கு! மறுபடியும் நூத்திப் பதினெட்டு புகாரா? இதையெல்லாம் கம்பெனி சரிபண்ணிக் கொடுக்க மூணு மாசம் ஆகும். நீங்க மறுபடியும் முதல்லேர்ந்து சோதிக்கணும். லீவெல்லாம் கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"இந்தத் தடவை எந்த ஆபீஸ்? யாரு இந்தப் புது வம்புக்காரர்?"

மைக்கே சிவந்திருந்த கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"திரையை மங்க வெச்சு, மௌஸைக் கழட்டிப் போட்டுட்டு, ரெண்டு நாளா ஒண்ணொண்ணா உட்கார்ந்து பார்த்தேன் சார். எல்லாமே நிஜம். கீழே பார்த்தீங்களா? என் பேர்தான் போட்டிருக்கேன்."