ஸ்பீக்கர் பக்கத்தில் சொன்னது

கண்ணாடி அறைக்குள் ரஸ்ஸல் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்களை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, விரலைப் பொத்தான் மேல் தயாராக வைத்திருந்தார். வெளியே நின்ற அவர் மனைவி ஜனீனுக்கு அந்தக் கோலம் பழகியது. தொண்ணூற்றொன்றில் டெல்டா கிளப்பில் ஹவுஸ் மியூசிக் ரெக்கார்டுகளைச் சுழற்றியபோதும் அவர் இப்படித்தான் இருப்பார்.

இப்போது ஹெட்போனுக்குள் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவர் விரல்தான் அசையவில்லை.

"பாத்தியாம்மா, ஒண்ணுமே காதுல விழல," என்றாள் ஜனீன். காதுப் பரிசோதனை செய்யும் சாய்ரா கருவியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சிரித்தாள்.

"உனக்குச் சிரிப்பா இருக்கு. 'டீ ஆறுது'ன்னா, 'யாரது'ன்னு கதவத் தொறக்கப் போறாரு. டிவி சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் இடம் மாறிப் படுக்குது. பத்து வருஷமா டாக்டர்கிட்ட வான்னா, 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்'கறாரு. எல்லாம் அந்தக் கிளப் பண்ணின வேலை."

"அந்தக் காலத்து ஆளுங்க நெறையப் பேரு இங்க வர்றாங்க," என்றாள் சாய்ரா. "ஆனா இது அப்படித் தெரியலை."

ரஸ்ஸல் வெளியே வந்ததும் சாய்ரா அவர் முகத்துக்கு நேராக நின்று, நிதானமாகக் கேட்டாள். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?"

"எங்கப்பாவுக்கு. அவங்கப்பாவுக்கும்."

"நெனச்சேன். இது பரம்பரையா வர்ற வகை மாதிரி இருக்கு. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல மெதுவா ஆரம்பிக்கும். உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. கிர்ஸ்டி. இப்ப முழுகாம இருக்கா."

"அவங்களையும் ஒரு தடவ வந்து பாத்துக்கச் சொல்லுங்க. குழந்த பொறந்ததும் அதையும் கவனிக்கறது நல்லது."

"அவளுக்கு வராது," என்றார் ரஸ்ஸல்.

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு சார்."

"வராது கண்ணு. அவளுக்குப் பாம்புக் காது."

ஜனீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் காதைப் பற்றியும் இந்த மனிதர் இப்படித்தான் அடித்துச் சொன்னார். படித்த பெண் எதிரே நின்று சொல்கிறாள், அதையும் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார். கிர்ஸ்டி இப்போது விளம்பரத்தைப் பார்த்தாலே அழுகிறாள். இதைச் சொன்னால் பிரசவம் வரை தூங்கமாட்டாள். அந்தப் பயம் அவளுக்குத் தேவையே இல்லை என்பது ஜனீன் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால், ரஸ்ஸலோடு பழகி ஒரு மாதம்கூட ஆகாத சமயம் அது. அவளுக்கு முன்பே பழக்கமானவன் ஜெர்மனிக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவன் கொடுத்துவிட்டுப் போனது வயிற்றில் இருந்தது. ரஸ்ஸலிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில் டெல்டாவில் வைத்துத்தான் சொன்னாள். ஆடுகிறவர்களின் வேர்வை ஆவியாகிக் கூரையில் ஒட்டி மறுபடி தலையிலேயே சொட்டும் இடம் அது. பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அவரை இழுத்து, எக்கி நின்று, காதோடு வாய் வைத்துக் கத்தினாள்: "நான் மாசமா இருக்கேன். உன்னோடது இல்ல."

அதே நொடியில் நின்றிருந்த தாளம் இடி மாதிரி திரும்ப வந்தது. கூட்டம் முழுவதும் கைகளைத் தூக்கி விசிலடித்தது. ரஸ்ஸல் பல் தெரியச் சிரித்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். தன் தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு அடுத்த ரெக்கார்டை எடுக்க ஓடினார்.

அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல அவளுக்குத் தைரியம் வரவே இல்லை. வயிறு தெரிந்தபோது அவர் தொட்டிலுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

சாய்ரா இரண்டு காதிலும் சின்னதாகக் கருவி பொருத்தி அனுப்பினாள். கார் ஏறியதும் ரஸ்ஸல் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். "இந்த வைப்பர் இவ்வளவு சத்தம் போடுமா? மழை கூரையில விழறது கேக்குது. வா, போற வழியில ஓட்கேக் சாப்பிட்டுப் போலாம்."

"கிர்ஸ்டிகிட்ட என்ன சொல்லப் போறோம்?"

"எதுக்குச் சொல்லணும்? அதான் வராதுன்னு சொன்னேன்ல."

"எத வெச்சு வராதுங்கற?" ஜனீனின் குரல் உயர்ந்தது. "உனக்கு எதச் சொன்னாலும் ஏறாதா? பத்து வருஷமா ஒவ்வொண்ணயும் ரெண்டு தடவ, மூணு தடவ சொல்லி என் தொண்டயே தேஞ்சுபோச்சு. ரெண்டாவது தடவ சொல்ல வேண்டிய ஒண்ண மட்டும்..."

நிறுத்தினாள். கத்திப் பேசியே பழகிய குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது.

"கல்யாணத்துக்கு முன்னால, டெல்டாவுல ஒரு விஷயம் சொன்னேன். உனக்குக் கேக்கல. அப்பவே மறுபடி சொல்லியிருக்கணும்."

ரஸ்ஸல் காரை ஓரங்கட்டி வைப்பரை நிறுத்தினார். கண்ணாடியில் மழை வழிந்து வெளியே எதுவும் தெரியாமல் போனது. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்பல்லாம் எனக்குக் காது நல்லாத்தான் இருந்துச்சு, கண்ணு."