சகலை கெடுத்த சுற்று

“என்ன சகலை, உங்க ஆயில் தண்ணி மாதிரி ஓடுது! இதை நம்பியா டிராக்குல இறங்கப் போறீங்க?”

இளைய மாப்பிள்ளை இப்படிக் கேட்டதும், எண்ணெய் அளக்கும் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த மூத்த மாப்பிள்ளை சிரித்தார். அவர் பல் மருத்துவர்.

“வண்டியோட புஸ்தகத்துல இதைத்தானே போட்டிருக்கான்?”

“அது கடைத்தெருவுக்குப் போய்வர்றதுக்கு! இங்க இன்ஜின் கொதிக்கும். சூடு ஏற ஏற ஆயில் இளகிடும். இளகினா இரும்பும் இரும்பும் உரசும். அப்புறம் உங்க இன்ஜினுக்கு நீங்களே பல்செட்டு கட்டவேண்டியதுதான்!”

அக்காளும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமனாரோ மீசைக்குள் சிரித்தார்.

இளையவருக்கு அது போதவில்லை. மணமான நாள் முதல் அந்தக் குடும்பத்தில் எதற்கெடுத்தாலும் மூத்தவரே முதல். வீடு கட்டியதில் அவர் முதல். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதிலும் அவரே முதல். போன முறை இந்தப் பந்தயத் தடத்தை மிக விரைவாகச் சுற்றியவர் என்ற பெயரையும் அவரே தட்டிக்கொண்டு போயிருந்தார். இன்று குடும்பமே திரண்டு வந்திருக்கிறது. மாமனாரின் கண்ணெதிரே அந்தப் பெயரைப் பறித்தே தீர வேண்டும்!

அதற்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, கடைக்காரர்களின் உயிரை வாங்கி, எந்தச் சூட்டிலும் கெட்டித்தன்மை குறையாத எண்ணெய் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார். கல் தெறித்துச் சாயம் போய்விடாதபடி, காரின் மூக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத உறையை ஒட்டியிருந்தார். காரின்மேல் வேறு எவரையும் கைவைக்க விடவில்லை.

“என்னை ஒரு நாளாவது இப்படிப் பாத்துக்கிட்டிருக்கீங்களா?” என்றாள் மனைவி.

“உனக்கு எதுக்கு? நீ எவ்வளவு சூடானாலும் இளகவே மாட்டியே!”

கடைசிச் சொட்டு எண்ணெயையும் அவரே ஊற்றினார். இன்ஜின் பின்பக்கம் இருக்கும் கார் அது. ஒரு கையில் காலி டப்பாவும் மறு கையில் மூடியுமாக நின்று, “நிறத்தைப் பாருங்க மாமா! தேன், சுத்தமான தேன்!” என்று விளக்கிக்கொண்டிருந்தபோதே ஒலிபெருக்கி இருவரையும் அழைத்தது.

டப்பாவையும் மூடியையும் கீழே வைத்தார். பின்பக்கப் பானட்டை அறைந்து சாத்தினார். ஒரே பாய்ச்சலில் ஏறி அமர்ந்தார்.

அந்த முறை தடத்தில் அவர்கள் இருவர் மட்டுமே.

முதல் சுற்றிலேயே இளையவர் முந்திவிட்டார். கார் அம்பாகப் பறந்தது. வளைவுகளில் சக்கரங்கள் கிறீச்சிட்டன. அவருக்கோ அது நாதசுரமாகக் கேட்டது. நெஞ்சு தாளம் போட்டது. பின்னால், கண்ணாடியில், சகலையின் கார் சிறுத்துக்கொண்டே வந்தது.

திடீரென்று அந்தக் கார் விளக்கை அடித்தது. விட்டு விட்டு அடித்தது. ஹாரன் வேறு!

“வழி விடணுமோ? ஆசையைப் பாரு!” என்று கூவி, இன்னும் அழுத்தி மிதித்தார்.

அடுத்த நேர்ப்பாதையில் சகலையின் கார் வெறி கொண்டதுபோல் சீறி வந்து முந்தியது. முந்திய வேகத்தில் போயிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். முன்னால் மறித்துக்கொண்டு நத்தையாக ஊர்ந்தது! இவர் இடப்புறம் ஒதுங்கினால் அதுவும் இடப்புறம். வலப்புறம் ஒதுங்கினால் அதுவும் வலப்புறம். ஜன்னலுக்கு வெளியே நீண்ட கை, ‘ஓரம் கட்டு’ என்று ஆட்டிக்கொண்டே இருந்தது.

வேறு வழியின்றி, கார்கள் புறப்பட்ட கொட்டகையிலேயே வந்து நின்றார். சுற்று பாழாயிற்று.

சகலை ஓடோடி வந்தார். “இன்ஜினை அணைங்க! முதல்ல அணைச்சிட்டு இறங்குங்க!”

இளையவர் அணைத்துவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தார். “உங்களுக்கு வெக்கமா இல்லை? ஒரே ஒரு தடவை நான் ஜெயிச்சிடக் கூடாதா? அவ்வளவு வயித்தெரிச்சலா?”

சகலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமனாரும் பெண்களும் அருகே வந்துவிட்டார்கள். உடனே சகலை தம் காரை நோக்கி நடந்து, முன்கண்ணாடியைத் துணியால் பரபரவென்று துடைக்கத் தொடங்கினார்.

“என்னங்க அது, கண்ணாடியெல்லாம்?” என்றாள் அவர் மனைவி.

“பூச்சி. வழி நெடுகப் பூச்சி.”

“மாப்பிள்ளை!” மாமனாரின் குரல் கனத்தது. “மூத்தவர் நீங்க. சின்னவர் ஒரு தடவை முந்திட்டா உங்க கிரீடம் கீழ விழுந்துடுமா?”

“தப்புதான் மாமா. தோத்துடுவேனோன்னு ஒரு பயம்... புத்தி தடுமாறிடுச்சு.”

இளையவரின் நெஞ்சு நிமிர்ந்தது. வெற்றி கிடைக்காவிட்டாலும் நியாயம் கிடைத்துவிட்டதே! எல்லாரும் தேநீர் குடிக்கக் கிளம்பினார்கள். கடைசியாகப் போன சகலை மட்டும் இவர் காதோரம் குனிந்தார்.

“இன்ஜின் நல்லா ஆறட்டும். அப்புறம், யாரும் பக்கத்துல இல்லாதப்ப திறந்து பாருங்க.”

எனக்கே பாடமா என்று முறைத்தவர், சகலையின் தலை மறைந்ததும் பானட்டைத் தூக்கினார்.

குப்பென்று புகை அடித்தது.

எண்ணெய் ஊற்றும் வாய் திறந்தபடி கிடந்தது. சுற்றிலும் எண்ணெய் மழை. பழுக்கக் காய்ந்த புகைக்குழாயின்மேல் சொட்டுகள் இன்னும் பொசுங்கிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு சுற்று ஓடியிருந்தால் கார் தீப்பற்றியிருக்கும். உள்ளே அவரும் இருந்திருப்பார்.

மூடி, காலி டப்பாவின் பக்கத்தில், அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

சகலையின் காரை நோக்கி நடந்தார். அதன்மேல் அந்தத் துணி கிடந்தது. எடுத்து விரித்தார்.

அதில் பூச்சி ஒன்றுகூட இல்லை. துணி முழுவதும் தேன் நிறம்.